முடிவு வரட்டும், பார்க்கலாம்!

(பொன்விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே.

நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. எஸ்.பி.எம். எழுதிய பிள்ளையை, "முடிவு வரட்டும், பார்க்கலாம்" என்று சொல்லிக் கடையில் நிறுத்திவிடுவோம். தோட்டத்திலிருந்து மலாக்கா பட்டணம் வந்த குடும்பங்களிலும் இதே பேச்சுத்தான். முடிவு நன்றாகவே வரும். ஆனால் விண்ணப்பத் தேதி கடந்திருக்கும். "அடுத்த வருஷம் போகலாம்" என்போம். அதற்குள் பிள்ளை கையில் நாலு காசு பார்த்துவிடுவான். அந்த அடுத்த வருஷம் பலருக்கு வரவே இல்லை. இது பிள்ளைகளின் தவறல்ல, நம்முடையது.

மெட்ரிகுலேஷனுக்கும், யு.பி.யு. வழியாகப் போலிடெக்னிக் போன்ற அரசாங்க இடங்களுக்கும் விண்ணப்பம் பெரும்பாலும் முடிவு வெளியாகும் முன்பே திறந்துவிடுகிறது. முடிவு வந்தபின் யு.பி.யு.வில் விருப்பப் பாடங்களை மாற்றிக்கொள்ளலாம். ஆகவே காத்திருப்பதில் லாபமில்லை.

ஒரே கதவைத் தட்டிவிட்டு உட்காரவும் வேண்டாம். மெட்ரிகுலேஷன் கிடைக்காவிட்டால் ஆறாம் படிவம் இருக்கிறது. ஒன்றரை ஆண்டு, மூன்று பருவம், செலவும் குறைவு. எஸ்.டி.பி.எம். கஷ்டம் என்று பயந்து ஒதுக்குகிறோம். அந்தச் சான்றிதழோடுதான் எத்தனையோ ஏழைப் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போயிருக்கிறார்கள். பெண் பிள்ளையை வெளியூர் அனுப்பத் தயங்குவோர், டுரியான் துங்கலிலும் புக்கிட் பெருவாங்கிலும் பல்கலைக்கழகங்கள் நம் வாசலிலேயே இருப்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதலில் வந்த தனியார் கல்லூரிக் கடிதத்துக்கு அவசரப்பட்டு முன்பணம் கட்டாதீர்கள். அந்தப் படிப்பு எம்.கியூ.ஏ. பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கீகாரம் இல்லாத படிப்புக்குப் பி.டி.பி.டி.என். கிடைக்காது. கிடைத்தாலும் அது கடன். பிள்ளையின் தலையில் பல ஆண்டுகள் இருக்கும். அதற்குத் தேவையான எஸ்.எஸ்.பி.என். கணக்கை இப்போதே திறந்து, மாதம் கொஞ்சமாவது போடுங்கள்.

எந்தப் படிப்பு என்று மனம் தடுமாறினால் பிள்ளையை இஸ்திகாரா தொழச் சொல்லுங்கள். தொழுதுவிட்டு, விண்ணப்பத்தையும் நிரப்பச் சொல்லுங்கள். கணினி தெரியாத பெற்றோருக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து உதவட்டும். பொன்விழா கண்ட சங்கத்துக்கு இதைவிடச் சிறந்த பணி வேறென்ன?

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.