வாசலுக்குள் ஒரு விதி



வீடு என்றால் விதி இருக்கும். சாப்பிடும்போது கைப்பேசி கூடாது, ஒன்பது மணிக்குப் படுக்கைக்குச் செல்ல வேண்டும், பாட்டி உணவருந்தி முடிக்கும் முன் எழுந்து போகக் கூடாது என்பன போன்றவற்றை நாம் அனைவரும் அறிவோம். அவற்றுள் பல அண்டை வீட்டிலும் இருக்கும். ஆதலால் பிள்ளைகள் முணுமுணுத்தபடியே ஏற்றுக்கொள்வார்கள். அண்டை வீட்டில் இல்லாத விதிதான் வழக்குக்கு வரும். "மற்றவர்கள் வீட்டில் இப்படியெல்லாம் இல்லையே, நமக்கு மட்டும் ஏன்?" என்ற கேள்வி எழும். இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது அத்தகைய விதி ஒன்றைப் பற்றியே. 'இவ்வீட்டு வாசலுக்குள் தமிழ்' என்பது அது.

நம் தாத்தா பாட்டியர் காலத்தில் இதை யாரும் விதியாக இயற்றவில்லை. கம்பத்து வீட்டில் தமிழ் பேசுவது மூச்சு விடுவதைப் போன்றது; மூச்சுக்கு யாரும் சட்டம் போடுவதில்லை. இன்று நிலைமை வேறு. 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது, ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்வாசிகளுள் 3.3 விழுக்காட்டினர் வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி தமிழாக இருந்தது. 2020இல் அது 2.5 விழுக்காடாகக் குறைந்தது. அதே பத்தாண்டில் ஆங்கிலம் 32.3 விழுக்காட்டிலிருந்து 48.3 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. வழக்கமாக இருந்த ஒன்று தேய்ந்து, அதைக் காக்க நினைப்பவர் விதியாக வகுக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. அதை வகுக்கும் பெற்றோர் தம் தெருவில், தம் புளோக்கில், சில வேளைகளில் தம் உறவினர் நடுவிலும் தனித்து நிற்கிறார்கள்.

இவ்வாறு தனித்து நின்ற வீடுகள் வரலாற்றில் உண்டு. பிரெஞ்சு எழுத்தாளர் மிஷேல் டி மொந்தேன் 1533இல் பிறந்தார். பேசத் தொடங்கும் முன்பே, பிரெஞ்சு அறியாத ஜெர்மானிய ஆசிரியர் ஒருவரிடம் தந்தை அவரை ஒப்படைத்தார். அந்த ஆசிரியர் குழந்தையிடம் லத்தீன் மட்டுமே பேசினார். தாய், தந்தை, பணியாளர் எவராயினும், குழந்தையின் முன் தமக்குத் தெரிந்த லத்தீன் சொற்களைத்தான் பேச வேண்டும் என்பது வீட்டின் மீற முடியாத சட்டம். ஆறு வயதைக் கடந்த பின்னும் சிறுவனுக்குப் பிரெஞ்சு தெரியவில்லை. ஊரைச் சுற்றியிருந்தவர்களும் சில கருவிகளை லத்தீன் பெயரால் அழைக்கத் தொடங்கினார்களாம். பிறகு போர்தோ நகரப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கே அவருடைய லத்தீன் சிதையத் தொடங்கியது. வளர்ந்து பெரியவரானபின், உலகம் இன்றும் படிக்கும் தம் கட்டுரைகளை அவர் பிரெஞ்சிலேயே எழுதினார்.

அப்படியானால் தந்தையின் விதி வீண்தானா? மொந்தேனே ஒரு செய்தியைக் குறித்து வைத்திருக்கிறார். ஏறத்தாழ நாற்பதாண்டுகளாக லத்தீனில் பேசாமலிருந்தும், நல்ல உடல்நலத்தோடு இருந்த தந்தை ஒருமுறை திடீரென மயங்கித் தம்மீது சரிந்தபோது, தம் வாயிலிருந்து முதலில் வந்தவை லத்தீன் சொற்களே என்கிறார். வீட்டு மொழி எங்கே போய்த் தங்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அது தங்கிவிட்டதே தவிர, அவரோடு வளரவில்லை. அந்த வீட்டுக்கு வெளியே லத்தீனில் விளையாட அவருக்குத் தோழன் இல்லை.

மற்றொரு வீடு எருசலேமில் இருந்தது. எலியேசர் பென் யெகுதா 1881இல் அங்கே குடியேறினார். நூல்களிலும் வழிபாட்டிலும் மட்டும் வாழ்ந்த எபிரேயத்தைத் தம் குழந்தையின் தாய்மொழியாக்குவது என்று உறுதி பூண்டார். 1882இல் மகன் பிறந்தான். அவன் காதில் வேறு மொழி விழக் கூடாது என்பது ஆணை. தாய் தெபோரா ஒரு நாள் ருசிய மொழியில் தாலாட்டுப் பாடியதைக் கேட்டுத் தந்தை கடுஞ்சினம் கொண்டார் என்பதை அம்மகனே பின்னாளில் எழுதியிருக்கிறார். பேச அவன் நெடுநாள் எடுத்துக்கொண்டான். விளையாட அவனோடு அம்மொழி பேசும் வேறு குழந்தை இல்லை. பின்னர் அவனே இத்தமார் பென் அவி என்னும் பெயரில் எபிரேய இதழாளரானான் என்பது உண்மை. எனினும் அந்தத் தாலாட்டு பாதியில் நின்ற இரவை எண்ணும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. மொழியைக் காக்க வகுத்த விதி, தாயின் குரலை அடக்கும் அளவுக்குப் போயிற்று.

பென் யெகுதாவுக்கு மற்றோர் இடர் இருந்தது. குழந்தையிடம் பேசுவதற்கான அன்றாடச் சொற்கள் எபிரேயத்தில் போதவில்லை. பொம்மை, துவாலை, பனிக்கூழ் ஆகியவற்றுக்கெல்லாம் அவரே சொல் படைக்க வேண்டியிருந்தது. நமக்கு அந்த இடர் இல்லை. அகப்பையும் முறமும் தாளிப்பும் கொழுக்கட்டையும் நம்மிடம் இருக்கின்றன, பயன்படுத்துவோர்தாம் குறைகின்றனர்.

கெடுபிடி இல்லாமலும் இது நடந்திருக்கிறது. பிரெஞ்சு மொழியியலாளர் ஜூல் ரோன்ஜாவின் மனைவி ஜெர்மன் மொழி பேசுபவர். 1908இல் பிறந்த மகனிடம் தந்தை பிரெஞ்சிலும் தாய் ஜெர்மனிலும் பேசினார்கள். ஒருவருக்கு ஒரு மொழி என்பதுதான் கிராமோன் என்ற அறிஞர் கூறிய அறிவுரை. 1913இல் ரோன்ஜா வெளியிட்ட நூல், குழந்தை இரண்டையும் குழப்பமின்றிக் கற்றதைப் பதிவு செய்கிறது. இங்கே பேசும் மொழியைப் பற்றிய கட்டுப்பாடு பெற்றோருக்கே இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் ஒரு குடும்பத்தின் வெற்றியை வைத்து எல்லாக் குடும்பங்களுக்கும் முடிவு சொல்ல முடியாது. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில், டச்சு அல்லாத வேறொரு மொழியையும் பெற்றோர் பேசிய 1,899 குடும்பங்களை அன்னிக் டி ஹவர் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார். அவற்றுள் ஏறக்குறைய கால் பங்குக் குடும்பங்களில் பிள்ளைகள் அந்த மொழியைப் பேசவில்லை. தாயும் தந்தையும் வீட்டில் அச்சிறுபான்மை மொழியை மட்டுமே பேசிய குடும்பங்களில் சுமார் 97 விழுக்காட்டில் பிள்ளைகள் அதைப் பேசினார்கள். ஒருவர் அம்மொழியையும் மற்றவர் டச்சையும் பேசிய குடும்பங்களில் இது சுமார் 74 விழுக்காடு. ஒருவர் சிறுபான்மை மொழியை மட்டும் பேச, மற்றவர் இரண்டையும் கலந்து பேசிய குடும்பங்களில் சுமார் 93 விழுக்காடு. எனவே நூற்றுக்கு நூறு தூய்மை வேண்டும் என்பதில்லை. சிறுபான்மை மொழியின் எடை வீட்டில் குறையாமல் இருந்தால் போதும்.

இனி நம் அடுக்குமாடி வீட்டுக்கு வருவோம். முதற்பிள்ளை பாலர் பள்ளிக்குச் செல்லும்வரை விதி தானாகவே நடக்கும். அவன் பள்ளியிலிருந்து ஆங்கிலத்தைத் தோள்பையில் போட்டுக்கொண்டு வருவான். தம்பிக்கோ தங்கைக்கோ அதை அவனே கற்றுக்கொடுப்பான். அண்ணனும் தங்கையும் அறைக்குள் எந்த மொழியில் சண்டையிடுகிறார்கள் என்று கேளுங்கள். அந்த வீட்டின் மொழி நிலைமை அதில் தெரிந்துவிடும். வீட்டுப் பணிப்பெண் இந்தோனீசியாவிலிருந்தோ மியன்மாரிலிருந்தோ வந்திருப்பார். பிள்ளையோடு அதிக நேரம் இருப்பவர் அவரே. அவரிடம் தமிழ் பேசச் சொல்ல இயலாது, சொல்லவும் கூடாது. கணக்குப் பாடம் ஆங்கிலத்தில் இருக்கிறது. பெற்றோர் இருவரும் மாலை ஏழு மணிக்கு மேல் வீடு திரும்பினால், பிள்ளை உறங்கும் முன் தமிழுக்குக் கிடைக்கும் நேரம் இரண்டு மணிதான்.

இந்த இரண்டு மணியையும் தமிழ்ப் பாட வகுப்பாக மாற்றிவிடுகிற வீடுகளை நான் கண்டிருக்கிறேன். பிள்ளை "பாட்டி, எனக்குப் பசிக்குது" என்றதும் "பசிக்கிறது என்று சொல்" என்று திருத்துவார்கள். இதில் எனக்கு உடன்பாடு இல்லை. எழுத்துத் தமிழ் பள்ளிக்கும் மேடைக்கும் உரியது. நானே இப்போது அதில்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். பேச்சுத் தமிழ் வீட்டுக்கு உரியது. 2005ஆம் ஆண்டின் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழுவே வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கு இடமளிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தபின், வீட்டில் அதற்கு இடமில்லை என்பது வேடிக்கை.

ஆங்கிலச் சொல் ஒன்று சொன்னால் உண்டியலில் இருபது காசு போட வேண்டும் என்ற தண்டனையும் சில வீடுகளில் உண்டு. விளையாட்டாகச் சில நாள் நடக்கும். பிறகு பிள்ளை மிக எளிய வழியைக் கண்டுபிடித்துவிடுவான்: பேசாமல் இருந்துவிடுவான். காசும் மிச்சம், தொல்லையும் இல்லை. பள்ளியில் நண்பன் ஒருவன் அவமதித்துவிட்டான் என்று கண்ணீரோடு வரும் பிள்ளை அதை ஆங்கிலத்தில்தான் சொல்லத் தொடங்குவான். நிகழ்ந்தது அம்மொழியில் அல்லவா? அப்போது "தமிழில் சொல்" என்று இடைமறித்தால், அடுத்த முறை அவன் நம்மிடம் வரமாட்டான். முழுவதும் கேளுங்கள், பதிலை மட்டும் தமிழில் சொல்லுங்கள். பிள்ளை ஆங்கிலத்தில் கேட்க, தாய் தமிழில் விடையளிக்க, உரையாடல் இரண்டு தண்டவாளங்களில் ஓடினாலும் ஓடட்டும். விதி தாய்க்குரியது; அதை அவர் மீறவில்லை.

"மற்றவர்கள் வீட்டில் இப்படி இல்லையே" என்ற கேள்விக்கு என்ன சொல்வது? தேர்வில் நல்ல மதிப்பெண் கிடைக்கும் என்று சொல்லாதீர்கள். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு முடிந்த மறுநாளே அந்தக் காரணத்தின் பாதி உயிர் போய்விடும். பண்பாட்டைக் காக்க வேண்டும் என்ற பெரிய சொற்களும் எட்டு வயதுக்கு எட்டா. "பாட்டிக்கு ஆங்கிலம் வராது, நீயும் பேசாவிட்டால் அவர் இந்த வீட்டில் யாரோடு பேசுவார்?" என்பது பிள்ளைக்குப் புரியும். பாட்டி இல்லாத வீடுகளில், "எனக்குக் கோபமும் செல்லமும் தமிழில்தான் வருகின்றன" என்று தந்தை சொல்லலாம், அது உண்மையாக இருக்கும் பட்சத்தில்.

பதின்ம வயதில் இவ்விதி மறுபேச்சுக்கு வரும், வரட்டும். ஆங்கிலத்தில் நண்பர்களோடு பேசட்டும், இரவு உணவு மேசை மட்டும் தமிழுக்கு என்று பிள்ளைகளே ஓர் உடன்பாட்டை முன்வைத்தால், அதை ஏற்றுக்கொள்ளுமாறே நான் பரிந்துரைப்பேன். ரோமன் எழுத்தில் தமிழ்க் குறுஞ்செய்தி அனுப்பும் மகளிடம் எழுத்தைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். அவள் அனுப்பியது தமிழ்தானே.

இங்குள்ள பெற்றோருள் பலர் தத்தம் வீட்டில் வேறு ஏற்பாடுகளைச் செய்து பார்த்திருப்பீர்கள். எஞ்சிய நேரத்தில் அவற்றைக் கேட்டறிய விரும்புகிறேன்.