வீங்கிய காலும் வீம்பும்

(தாம்பரத்தில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஓர் அம்மையார் பேசியதன் சாரம்)



எனக்கு முன் பேசிய தோழர்கள் சாதியைப் பற்றியும், சாஸ்திரத்தைப் பற்றியும், பெண்ணுரிமையைப் பற்றியும் விரிவாகப் பேசிவிட்டார்கள். நான் பேச வந்திருப்பதோ ஒரு காலைப் பற்றி. காலென்றதும் சிலர் சிரிக்கிறீர்கள். அது என் துணைவருடைய கால். அவர் இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் பெயரைச் சொன்னால் ஆயுள் குறைந்துவிடும் என்று பயந்து நான் சொல்லாமலிருக்கவில்லை. நோயாளியின் பெயர் இந்தக் கூட்டத்துக்கு வேண்டியதில்லை என்பதால் விட்டுவிடுகிறேன். அவரைக் கேட்டு, சரியென்று சொன்ன பிறகே பேசுகிறேன். ஒருவருடைய உடம்பைப் பற்றி அவரைக் கேளாமல் நாலு பேருக்கு முன் பேச மனைவிக்குக்கூட உரிமை இல்லை என்பது என் அபிப்பிராயம்.

அவருடைய இடது கால் ஒரு நாள் வீங்கிற்று. வீங்கியது கால்தான் என்றாலும், அன்று முதல் எங்கள் வீட்டில் வைத்தியம் சொல்லாதவர்களே கிடையாது. ஒருவர் திருஷ்டி என்றார். ஒருவர் மந்திரித்த கறுப்புக் கயிறு கட்டச் சொன்னார். ஒருவர் பூர்வ ஜென்ம பலன் என்றார். இன்னும் ஒரு அம்மாள், "வெள்ளிக்கிழமை விளக்கேற்றாத வீட்டில் வேறென்ன நடக்கும்?" என்று என்னையே குற்றவாளியாக்கிவிட்டுப் போனார். தோழர்களே, இதில் ஒரு வேடிக்கையைப் பாருங்கள். புருஷனுக்குத் தலைவலி வந்தால் பெண்டாட்டியின் நோன்பில் குறை. பெண்டாட்டிக்கு நோய் வந்தால் மட்டும் அது புருஷனுடைய நோன்பின் குறையென்று இதுவரை எந்தச் சாஸ்திரியாவது சொன்னதுண்டா?

நளாயினியின் கூடை

நமது பெண்களுக்குச் சிறு வயதிலிருந்து சொல்லிவைத்த கதை நளாயினி கதை. குஷ்ட நோய் பிடித்த கிழப் புருஷனை அவள் கூடையில் வைத்துத் தலையில் சுமந்து, அவன் ஆசைப்பட்ட தாசி வீட்டுக்கே கொண்டுபோனாளாம். சூரியனையே உதிக்காமல் நிறுத்தினாளாம். சரி; சூரியனை நிறுத்தத் தெரிந்தவளுக்கு அவன் புண்ணைக் கழுவி ஒரு துணி கட்டவேண்டுமென்று தோன்றியதாகக் கதையில் எங்கேயாவது இருக்கிறதா? கிடையாது. ஏனென்றால் அந்தக் கதை எழுதியவனுக்கு நோய் தீரவேண்டும் என்ற கவலையே இல்லை. பெண் சுமக்கவேண்டும் என்பதுதான் கவலை. நோயாளியின் பிடிவாதத்துக்கெல்லாம் கூடை தூக்குவதே பக்தி என்று நமக்குக் கற்பித்துவிட்டார்கள். சர்க்கரை வியாதிக்காரருக்கு ஆசையாயிருக்கிறதே என்று மூன்றாவது முறை பாயசம் ஊற்றுகிற அம்மாளும் இன்றைக்கு அந்தக் கூடையைத்தான் தூக்குகிறாள்.

வீக்கம் ஒரு நோயல்ல

நிற்க. முதலாவது தெரிந்துகொள்ளவேண்டிய சங்கதி என்னவென்றால், கால் வீக்கம் என்பது ஒரு தனி நோயல்ல. அது ஓர் அடையாளம். இரண்டு காலும் ஒன்றாக வீங்கினால் இருதயம், மூத்திரக்காய், ஈரல் ஆகியவற்றில் எதிலாவது கோளாறு இருக்கலாம். ரத்தக் கொதிப்புக்குத் தருகிற அம்லோடிபின் என்ற மாத்திரையாலும் சிலருக்குக் கணுக்கால் வீங்குவதுண்டு, அதைத் தெரிந்துகொண்டு டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுப்பார், நாமாக நிறுத்தக்கூடாது. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைச் சதையில் வலியும் இருந்தால், ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். அதைத் தைலம் போட்டு அழுத்தித் தேய்ப்பது ஆபத்து. உறைந்த கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே மோசம். கால் சிவந்து, காய்ச்சலும் குளிரும் இருந்தால் அது கிருமி புகுந்ததன் அறிகுறி. வீக்கத்தோடு மூச்சுத் திணறலோ, நெஞ்சுவலியோ, விரல் கறுத்துப்போவதோ இருந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது. மருந்துக் கடையில் "நீர் மாத்திரை" வாங்கி விழுங்குவது வீட்டுக்குள் வெள்ளம் வருகிறதென்று, காரணம் பாராமல் சுவரை இடிப்பது போன்றது.

இந்தச் சென்னைப் பட்டணமும் செங்கற்பட்டுச் சீமையும் யானைக்கால் வியாதிக்குப் பேர்போன இடங்கள். சாமி குற்றம் என்று நம் ஜனங்கள் காலங்காலமாகச் சொல்லிக்கொண்டிருந்த வியாதி அது. கல்கத்தாவில் லூயிஸ் என்ற டாக்டர் 1872ல் மனித ரத்தத்தில் அதன் நுண்புழுவைக் கண்டார். சீனாவில் மான்சன் என்பவர் 1877ல் அந்தப் புழு கொசுவின் உடம்புக்குள் வளர்வதைக் கண்டார். சாமி குற்றம் சாக்கடைக் குற்றமாயிற்று! 1955ல் இந்திய சர்க்கார் இதற்கென்று ஒரு தேசியத் திட்டமே தொடங்கிற்று. மாத்திரை ரத்தத்திலுள்ள நுண்புழுவைக் கொல்லும். வியாதி பரவாமல் தடுக்கும். ஆனால் முற்றிப் பருத்துவிட்ட காலை அது பழையபடி சிறியதாக்கிவிடாது. அப்படிப்பட்ட காலுக்குத் தினமும் சோப்பும் சுத்தமான தண்ணீரும் கொண்டு கழுவி, விரலிடுக்குகளை ஈரமில்லாமல் துடைத்து, உட்காரும்போது உயர்த்திவைத்து, கணுக்காலை அசைத்துவந்தால் அடிக்கடி வருகிற காய்ச்சலும் நாற்றமும் குறையும். மலிவான வைத்தியம் என்பதாலேயே ஜனங்கள் அதை நம்புவதில்லை. கயிற்றுக்கு நூறு ரூபாய் கேட்டால் நம்புவார்கள்.

வலிக்காத கால்

என் துணைவருடைய கால் இந்த வகைகள் எதிலும் சேர்ந்ததல்ல. அவருக்குப் பல ஆண்டுகளாக நீரிழிவு. கால் வீங்கிற்று, சிவந்தது, தொட்டால் மற்றக் காலைவிடச் சூடாயிருந்தது. ஆனால் வலி சொற்பம். "வலியே இல்லை, இதற்கென்ன ஆஸ்பத்திரி?" என்றார். தோழர்களே, அந்த வலியில்லாமைதான் நோய். நீரிழிவு நீண்ட நாள் கட்டுக்கடங்காமலிருந்தால் காலின் நரம்புகள் மரத்துப்போகின்றன. உள்ளே சிறு எலும்புகள் நொறுங்கினாலும், மூட்டு நழுவினாலும் மூளைக்குச் சேதி போவதில்லை. ஆகவே அந்த மனிதர் நொறுங்கிய எலும்பின் மேலேயே நடந்துகொண்டிருப்பார். நரம்பு செத்த மூட்டு இப்படிச் சிதைவதை பிரெஞ்சு தேசத்து ஷார்க்கோ என்ற டாக்டர் 1868ல் எழுதிவைத்தார். அதனால் இன்றும் அதற்கு ஷார்க்கோ பாதம் என்று பெயர். அதற்கு முதல் வைத்தியம் நடக்காமலிருப்பது. மாவுக்கட்டுப் போட்டுப் பல மாதம் காலைக் காப்பாற்றினால் பாதம் தப்பும்; நடந்துகொண்டேயிருந்தால் பாதம் வளைந்து, புண்ணாகி, கடைசியில் ரம்பத்துக்குப் போகும்.

அவர் அதற்குள் வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை ஊறவைக்கக் கிளம்பினார். மரத்துப்போன காலுக்கு வெந்நீரின் சூடு தெரியாது. தோல் வெந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். நல்ல வேளையாக முதலில் என் முழங்கையை விட்டுப் பார்த்தேன்; கொதித்தது.

மரத்துப்போன காலைப் பற்றி உலகத்துக்குப் பாடம் சொன்னது நமது தமிழ்நாடுதான் என்பதை நீங்கள் அறியவேண்டும். கொல்லிமலையில் 1914ல் பிறந்த பால் பிராண்ட் என்ற டாக்டர் 1946ல் வேலூருக்கு வந்து குஷ்ட நோயாளிகளைப் பார்த்தார். அவர்கள் விரல் பாவத்தினால் தானாக அழுகி விழுகிறதென்று உலகமே நம்பிக்கொண்டிருந்தது. அவரோ, உணர்ச்சியில்லாத காலில் முள்ளும் சூடும் அழுத்தமும் படுவதாலேயே புண் வருகிறது என்று காட்டினார். புண்ணுக்குக் காரணம் பாவமல்ல, பாதுகாப்பின்மை என்று ஆனவுடன் வைத்தியம் மந்திரத்திலிருந்து மிதியடிக்கு வந்தது. மெத்தென்ற ரப்பர் அடிவைத்த செருப்பை இன்று நீரிழிவுக்காரர்களும் போட்டுக்கொள்ளுகிறார்கள்.

கடவுளில்லாத மூடநம்பிக்கை

என் துணைவர் கயிறு கட்டுகிறவரல்ல. சோதிடம் பார்க்கிறவருமல்ல. ஆனால் "என் உடம்பு எனக்குத் தெரியும்" என்பார். "என் தகப்பனார் தொண்ணூறு வயதுவரை அப்பளமும் கருவாடும் தின்றார்" என்பார். "மாத்திரை தின்றால் மூத்திரக்காய் கெட்டுப்போகும்" என்பார். தோழர்களே, பிரத்தியட்சமான அத்தாட்சியைப் பாராமல் பிடித்துக்கொண்டிருக்கும் நம்பிக்கைக்குத்தானே மூடநம்பிக்கை என்று பெயர்? அதற்குள்ளே கடவுள் இருந்தால் என்ன, தகப்பனார் இருந்தால் என்ன? தொண்ணூறு வயது இருந்த ஒருவர் கணக்கில் வருகிறார். அதே கருவாட்டைத் தின்று ஐம்பதில் போன பத்துப் பேர் கணக்குச் சொல்ல வருவதில்லை.

இந்த இடத்தில் எனக்கு ஒரு தருமசங்கடம் வந்தது. அண்டை வீட்டு அம்மாள் ஒருவர், "அவர் அண்ணன் ஒரு சோதிடரை நம்புகிறாரே, அந்தச் சோதிடரைக் கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிடு, காரியம் முடிந்துவிடும்" என்றார். இன்னொருவர் மாத்திரையைப் பொடித்துக் குழம்பில் போடச் சொன்னார். காரியம் நல்லதுதானே என்று நினைக்கலாம். நான் சம்மதிக்கவில்லை. இன்று ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல்லும் சோதிடன் நாளைக்கு இன்சுலினை நிறுத்து என்பான். அன்றைக்கு நான் எந்த வாயால் மறுப்பேன்? குழம்பில் மறைத்த மாத்திரை தெரிந்துவிட்டால் அப்புறம் குழம்பையும் நம்பமாட்டார், என்னையும் நம்பமாட்டார். வயது வந்த ஒருவரை ஏமாற்றிக் காப்பாற்றுவது அவரைக் குழந்தையாக்குவது. அவர் என்னைக் குழந்தையாக்கினால் ஒப்புக்கொள்ளாத நான், அவரை ஆக்குவது எப்படி நியாயமாகும்? நமது சுயமரியாதைத் திருமணம் 1967ல் சட்டமாயிற்று. அது இரண்டு சமமானவர்களின் ஒப்பந்தம். ஒப்பந்தத்தில் மிரட்டலும் இல்லை, கூடை தூக்குவதும் இல்லை. உண்மையைச் சொல்லும் உரிமை உண்டு.

ஆகவே நான் செய்தது இதுதான். தையற்கார நாடாவை அவர் கையில் கொடுத்தேன். தினம் காலையில் இரண்டு கணுக்காலையும் அவரே அளக்கவேண்டும், புறங்கையால் இரண்டையும் தொட்டுச் சூட்டைப் பார்க்கவேண்டும், அவரே நோட்டில் எழுதவேண்டும். "நான் சொல்வதை நம்பவேண்டாம், நீங்கள் எழுதுவதை நம்புங்கள்" என்றேன். நாலாம் நாள் நோட்டைப் பார்த்துவிட்டு அவரே சட்டையை மாட்டிக்கொண்டார். அப்புறம்தான் வாய்விட்டுச் சொன்னார்: காலை எடுத்துவிடுவார்கள் என்ற பயத்தினால்தான் போகாமலிருந்தாராம். தாய்மார்களே, நம் வீட்டு ஆண்களின் வீம்பில் பாதி இந்தப் பயம். அதட்டினால் அது இன்னும் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். "எதை நினைத்துப் பயப்படுகிறீர்கள்?" என்று கேட்டால் வெளியே வரும்.

அவருக்கு மாதக்கணக்கில் மாவுக்கட்டு. பாதம் சற்று உருமாறினாலும் தப்பிற்று. வீம்பு முழுதும் தீர்ந்ததா என்றால் இல்லை; அப்பளத்தைப் பற்றிய வழக்கு இன்னும் நடந்துகொண்டேயிருக்கிறது.

நம் ஊர் கற்பித்த பாடம்

மறப்பதும், கொஞ்சம் தேவலையானதும் மருந்தை நிறுத்துவதும் மனித சுபாவம். இந்தத் தாம்பரத்தில் 1928ல் டாக்டர் சௌரி முத்து க்ஷயரோக ஆஸ்பத்திரியை ஏற்படுத்தினார். ரயில் நிலையத்துக்கே சானடோரியம் என்று பெயர் வந்தது. அன்று அந்த வியாதிக்கு மருந்தில்லை. மருந்து வந்தபின் 1956ல் சென்னையில் தொடங்கிய ஓர் ஆராய்ச்சியில், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் ஆஸ்பத்திரியில் இருப்பதற்குச் சமமாகக் குணமாகிறது என்று கண்டார்கள். கூடவே, வீட்டில் மாத்திரையை ஒழுங்காகத் தின்னாதவர்கள் உண்டென்பதையும் கண்டார்கள். அவர்கள் நோயாளியைத் திட்டவில்லை. ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க மாத்திரை கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்தார்கள். அந்த வழி உலகமெங்கும் பரவிற்று. நாமும் அப்படியே செய்யலாம். மாத்திரைப் பெட்டி சாப்பாட்டுத் தட்டின் பக்கத்தில் இருக்கட்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தில் ரத்தக் கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. வருகிற பெண்ணை வெயிலில் நிறுத்தாமல் உட்காரவைத்துக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உப்பு ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கவேண்டுமென்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகிறது. இதை அவருக்கு மட்டும் தனிச் சமையலாகச் செய்தால் அது தண்டனை. வீடு முழுவதும் குறைத்தால் அது வழக்கம்.

செருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு காலத்தில் நம்மவர்கள் மேல்சாதித் தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போகவேண்டியிருந்தது. அந்த இழிவை எதிர்த்துப் போராடிப் பெற்ற செருப்பை, இன்று விரதமென்றும் மாலையென்றும் சொல்லி நாமே கழற்றிவிட்டு வெயிலில் தார் ரோட்டில் நடக்கிறோம். நரம்பு மரத்த நீரிழிவுக்காரர் அப்படி நடந்தால் கொப்புளம் வருவதும் தெரியாது, வெடிப்பதும் தெரியாது. இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று 2023ல் வெளியான ஆராய்ச்சி சொல்லுகிறது. இத்தனை பேருடைய காலுக்கும் காவல் எந்தச் சாமியும் அல்ல, செருப்புத்தான். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற தனிச் செருப்புப் போடலாம். அதனால் எந்த வீட்டின் பரிசுத்தமும் கெட்டுப்போகாது.

கடைசியாகத் தாய்மார்களுக்கு. புருஷன் காலைப் பார்க்கிற நீங்கள் உங்கள் காலைக் குனிந்து பார்த்து எத்தனை நாளாயிற்று? எல்லோரும் உண்டபின் மிச்சத்தை உண்டு, எல்லோருக்கும் ரத்தம் பரிசோதித்தபின் "எனக்கெதற்கு?" என்று திரும்பி வருகிறவர்கள்தானே நீங்கள்? அதுவும் நளாயினிக் கூடைதான்.

ஆகவே தோழர்களே, இன்றிரவு படுக்குமுன் கணவனும் மனைவியும் ஒருவர் பாதத்தை ஒருவர் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். விரலிடுக்கைப் பாருங்கள், அடிப்பாதத்தைப் பாருங்கள், இரண்டு காலும் ஒரே சூடாயிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். இதுவரை மனைவி மட்டுமே புருஷன் காலைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். இனி இருவரும் ஒருவர் காலை ஒருவர் தொடட்டும், கும்பிடுவதற்கல்ல, பரிசோதிப்பதற்கு என்று கேட்டுக்கொண்டு என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.