எருதின் கண், எரியும் தொண்டை



துருக்கியின் கிழக்கே, யூப்ரடீஸ் ஆற்றுப் பக்கம், எலாஸிக் என்று ஓர் ஊர். அங்கே விளையும் கறுப்புத் திராட்சை ஒன்றுக்கு 'ஒக்குஸ்கோசு' என்று பெயர். ஒக்குஸ் என்றால் எருது, கோஸ் என்றால் கண். கொத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாலே பெயர்க் காரணம் விளங்கிவிடும். ஒவ்வொரு பழமும் உருண்டு திரண்டு, கருகருவென்று, மாடு நம்மையே பார்ப்பதுபோல் இருக்கும்.

அங்கிருந்து தென்கிழக்கே, டைகிரிஸ் ஓடும் தியார்பகிர் மாகாணத்தில் இன்னொரு திராட்சை: 'போவாஸ்கெரே'. போவாஸ் என்றால் தொண்டை. தொண்டையை எரிப்பது என்று பெயருக்குப் பொருள் சொல்கிறார்கள். பழம் சிறியது, தோல் தடிப்பு. கனியாத நாவல்பழத்தைக் கடித்ததும் நாக்கு மரத்து, கன்னத்தின் உட்புறம் இழுத்துப் பிடிக்குமே, அந்தத் துவர்ப்பு இதில் தொண்டைவரை இறங்கும்.

சிவப்பு ஒயினுக்குச் சாற்றைத் தோலோடும் விதையோடும் சேர்த்தே நொதிக்க விடுவார்கள். நிறமும் துவர்ப்பும் பெரும்பாலும் தோலிலிருந்து வருபவை. எருதுக்கண் பெரிய பழம். சாறு அதிகம், தோலின் பங்கு குறைவு. ஆகவே அதன் ஒயினில் பழ மணமும் கூர்மையான புளிப்பும் இருக்கும், பிடிப்பு இருக்காது. போவாஸ்கெரே நேர் எதிர்: அடர்ந்த நிறம், முரட்டுத் துவர்ப்பு, ஆனால் புளிப்பு மட்டு. ஒன்றில் இல்லாதது மற்றதில் இருக்கிறது. இரண்டையும் கலந்தபோது பிறந்ததுதான் 'பூஸ்பா'. அப்போது துருக்கி அரசின் மது நிறுவனமாக இருந்த தெக்கெல் 1944 முதல் தயாரித்து, நாடு முழுவதும் பழக்கிய ஒயின் அது.

இந்த மண்ணின் மதுக்கலை அரசு நிறுவனத்தோடு தொடங்கியதல்ல. எலாஸிக்கை ஒட்டிய பழைய நகரம் ஹர்புத். அந்த வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகக் கொடி வளர்த்து மது வடித்தவர்களில் ஆர்மேனியர்கள் முக்கியமானவர்கள். 1915இல் அவர்கள் கொல்லப்பட்டார்கள், பாலைவனம் நோக்கி விரட்டப்பட்டார்கள். வளர்த்த கைகள் போன பிறகும் கொடிகள் நின்றன. பூஸ்பாவைப் பற்றிப் பேசும்போது அந்தக் கைகளைச் சொல்லாமல் விடக்கூடாது என்பது என் எண்ணம்.

துருக்கியில் விளையும் திராட்சையில் மிகச் சிறு பங்கே ஒயினாகிறது. மற்றதெல்லாம் பழமாக, உலர்திராட்சையாக, 'பெக்மெஸ்' என்ற திராட்சைப் பாகாகப் போய்விடுகிறது. 2013இல் மது விளம்பரத்துக்கும் அங்கே தடை வந்தது. வெளிநாட்டில் பெயர் தெரியவேண்டுமென்று சிலர் இந்தக் கலவையில் பிரெஞ்சுத் திராட்சை வகையான கேபர்னேயைச் சேர்க்கிறார்கள். வியாபாரக் கணக்கு புரிகிறது. ஆனாலும் இந்த இரண்டும் தமக்குள்ளேயே நிறைவாக இருக்கும்போது மூன்றாவது எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கலப்பதற்கு ஒரே அளவு என்று எதுவும் கிடையாது. இரண்டையும் பெரும்பாலும் தனித்தனியே நொதிக்கவைத்து, பிறகு அளவுக்குழாயில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பிப் பார்ப்பார்கள். வெயில் கடுமையாக அடித்த ஆண்டில் புளிப்பு இறங்கிப்போயிருக்கும், எருதுக்கண்ணைக் கூட்டுவார்கள். கலவை வெளிறித் தெரிந்தால் தியார்பகிர்ப் பழத்திலிருந்து இன்னும் ஒரு சொட்டு. மறுபடி வாயில் ஊற்றுவார்கள். தொண்டை எரிந்தால், அந்தச் சொட்டு அதிகம்.