வேட்கையின் வேர்



எடப்பாடியை உள்ளடக்கிய சேலம் மாவட்டத்தில்தான், 1937 அக்தோபர் 1-ஆம் நாள், சென்னை மாகாணத்திலேயே முதன்முதலாகக் குடிவிலக்கை நடைமுறைப்படுத்தியது இராசாசி அமைச்சரவை. 2003 முதலோ அரசு நிறுவனமே சில்லறைக் கடைகளை நடத்துகின்றது. 21 அகவை நிரம்பாதார்க்கு விற்றலாகாது என்கின்றது சட்டம். எனினும் மாணவர் கையில் குப்பி! ஏன்?

குடி, மூளையின் மகிழ்வுச் சுற்றில் தோபமின் என்னும் வேதிப்பொருளைப் பெருக்குகின்றது. மூளையோ இன்பத்தை மட்டுமன்று, அது கிடைத்த இடத்தையும் தோழரையும் பொழுதையும் சேர்த்தே பதித்துக்கொள்கின்றது. பின்னர் அத்தெருமுனையைக் கண்டாலே வேட்கை எழுகின்றது. அதனை அடக்கும் கடிவாளமாகிய முன்மூளைப் புறணியோ ஏறத்தாழ 25 அகவையிலேயே முதிர்ச்சி எய்தும். கடிவாளம் முற்றாத குதிரைக்குத் தேர்வச்சமும் தனிமையும் நண்பர்தம் ஏளனமும் சாட்டையாகின்றன. வெறி தணிந்ததும் அச்சம் மிகுந்தே மீள்கின்றது. ஆதலின் மீண்டும் குடி!

வேட்கை அலை போன்றது, எழும், தணியும். அவ்வேளையில் இடம்பெயர்க! உற்றாரிடம் உரைக்க! 'வேண்டா' என்னும் சொல்லை முன்னரே பழகுக! நாள்தோறும் குடித்து நடுக்கமுற்றவன் மருத்துவரை நாடுக, அஃது இழுக்கன்று.

வீழ்ந்தவனைப் பழித்தல் எளிது, மீட்டலே இனக்கடமை!