பதினைந்தாயிரம் ரூபாயில் ஒரு சுற்றுலாக் காமிரா

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னைக் கூப்பிட்டபோதே, "இருபது நிமிஷம் பேசுங்க தம்பி. ஆனா ஆபீஸ் வேலையைப் பத்தி வேணாம், பசங்க தூங்கிடுவாங்க" என்று சொல்லிவிட்டார். என் வேலை என்னவென்றால், தொழிற்சாலையில் ஓடுகிற பெல்ட்டுக்கு மேலே காமிராவைப் பொருத்தி, கீழே போகும் உதிரி பாகத்தில் கீறல் இருக்கிறதா, துளை சரியான இடத்தில் இருக்கிறதா என்று கம்ப்யூட்டரைப் பார்க்க வைப்பது. சரி, வேலையை விட்டுவிடுகிறேன். காமிராவை மட்டும் வைத்துக் கொள்கிறேன்.

கோடை விடுமுறை நெருங்கினால் எனக்கு ஒரே மாதிரி போன் வரும். ஒன்றுவிட்ட தம்பியாக இருக்கும், இல்லையென்றால் ஹாஸ்டல் ஜூனியராக இருக்கும். "அண்ணா, அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஊட்டி போறோம். பதினஞ்சாயிரம் வச்சிருக்கேன். எந்தக் காமிரா வாங்கலாம்?" பெரும்பாலும் அது முதல் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம், அல்லது டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம். அந்தப் பணம் வீணாகப் போகாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தத் தலைப்பை எடுத்துக் கொண்டேன்.

என் பதில் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். பதினைந்தாயிரத்துக்குள் புதிதாக வாங்குவதற்கு நல்ல காமிரா என்று ஏறக்குறைய எதுவும் இல்லை. பழசு வாங்குங்கள். அதற்கு மனசு வரவில்லை என்றால் கையில் இருக்கும் போனோடு நிம்மதியாகப் போய்விட்டு வாருங்கள்.

ஏன் இப்படி ஆயிற்று? ஜப்பானில் காமிரா தயாரிப்பாளர்களின் சங்கம் ஒன்று இருக்கிறது. அதன் கணக்குப்படி 2010-ஆம் ஆண்டில் சுமார் 12 கோடி டிஜிட்டல் காமிராக்கள் உலகச் சந்தைக்கு அனுப்பப்பட்டன. 2023-ல் அது 80 லட்சம்கூட இல்லை. நடுவில் என்ன நடந்தது என்பது உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கிறது. போன் வந்து சின்னக் காமிராவைச் சாப்பிட்டுவிட்டது. காஸியோ 2018-ல் சின்னக் காமிராத் தொழிலை விட்டது. ஒலிம்பஸ் தன் காமிராப் பிரிவை 2020-ல் விற்பதாக அறிவித்து, அடுத்த ஆண்டு தொடக்கத்தில் கைமாற்றிவிட்டது. மிஞ்சிய பெரிய கம்பெனிகள், போனால் செய்ய முடியாததைச் செய்யும் விலை உயர்ந்த காமிராக்களின் பக்கம் நகர்ந்துவிட்டன. மலிவு விலை அலமாரி காலியானது. கோடக் என்ற பெயரில் ஒன்றிரண்டு இன்னும் வருகின்றன. அதுகூட பெயருக்கு உரிமம் வாங்கிய வேறு கம்பெனி விற்பதுதான்.

காலி அலமாரி காலியாகவே இருக்குமா? பெயரே கேள்விப்படாத கம்பெனிகள் வந்து உட்கார்ந்துவிட்டன. ஐயாயிரம், ஆறாயிரம் ரூபாய். பெட்டியின் மேலே "4கே, 48 மெகாபிக்ஸல், 16 மடங்கு ஸூம்". கூடவே ஒரு பை, ஒரு மெமரி கார்டு இலவசம். தம்பிகளே, இந்தப் பெட்டியை மட்டும் தொடாதீர்கள். அந்த ஸூம் பெரும்பாலும் டிஜிட்டல் ஸூம், அதாவது படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவது. அதை வீட்டில் கம்ப்யூட்டரிலேயே செய்து கொள்ளலாம். அந்த 48 மெகாபிக்ஸலும் பல சமயம் இன்டர்பொலேஷன். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இல்லாத புள்ளியைக் கணக்குப் போட்டுச் செருகுவது. நியூமரிக்கல் மெத்தட்ஸ் பேப்பரில் அரியர் வைத்தவர்களுக்குக்கூட இந்த வார்த்தை மறந்திருக்காது. அட்டவணையில் தெரியாத மதிப்பை ஊகித்து எழுதுவதற்கும், எதிரே நிற்கும் மனிதரைப் படம் எடுப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது அல்லவா? இந்த வகைக் காமிராவின் விவரப் பட்டியலில் இரண்டு விஷயத்தைத் தேடிப் பாருங்கள். ஆப்டிக்கல் ஸூம் எத்தனை மடங்கு, சென்சாரின் அளவு என்ன. இரண்டும் இல்லையென்றால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம்.

சென்சாரின் அளவுதான் விஷயம். மழை பெய்யும்போது வாசலில் ஒரு டம்ளரையும் ஒரு அண்டாவையும் வையுங்கள். பெய்வது ஒரே மழைதான், சேரும் தண்ணீர் ஒன்றா? வெளிச்சமும் அப்படியே. பழைய சின்னக் காமிராக்களில் வழக்கமாக இருந்தது 1/2.3 அங்குலம் என்று சொல்லப்படும் சென்சார். அதன் பரப்பு சுமார் 28 சதுர மில்லிமீட்டர், சுண்டு விரல் நகத்தைவிடச் சின்னது. ஒரு அங்குலம் என்று பெயர் பெற்றது சுமார் 116 சதுர மில்லிமீட்டர். (அளந்து பார்த்தால் அதில் எந்தப் பக்கமும் ஒரு அங்குலம் வராது. பழைய டெலிவிஷன் காமிராக் குழாய்க் காலத்துக் கணக்கு அது.) சாதாரண எஸ்.எல்.ஆர். காமிராவில் இருக்கும் ஏ.பி.எஸ்.-சி சென்சார் கேனானில் சுமார் 330, நிகானில் சுமார் 370 சதுர மில்லிமீட்டர். அதாவது சின்னக் காமிராவைப் போலப் பன்னிரண்டு, பதிமூன்று மடங்கு. சாயங்காலம் ஆறரை மணிக்கு ஊட்டி ஏரிக்கரையில் இந்த வித்தியாசம் தெரியும். பகல் பன்னிரண்டு மணி வெயிலில் தெரியாது.

மெகாபிக்ஸல் பைத்தியம் எவ்வளவு தேவையில்லாதது என்பதற்கு ஒரு கணக்கு. ஆல்பத்தில் ஒட்டும் 4க்கு 6 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சடிக்க வேண்டியது 1200க்கு 1800 புள்ளிகள். பெருக்கிப் பாருங்கள், 2.2 மெகாபிக்ஸல்கூட வராது. சுவரில் மாட்டும் 8க்கு 12 அங்குலத்துக்கே 8.6 தான். கோடக் கம்பெனியில் ஸ்டீவன் சாஸன் என்ற இளம் எஞ்சினியர் 1975-ல் முதல் டிஜிட்டல் காமிராவைச் செய்தபோது அதில் இருந்தது 100க்கு 100, மொத்தம் பத்தாயிரம் புள்ளி. ஒரு படத்தைக் கேஸட்டில் பதிய 23 வினாடி பிடித்தது. அங்கிருந்து ஆரம்பித்த தொழில் பத்து மெகாபிக்ஸலை எப்போதோ தாண்டிவிட்டது. நமக்குத் தேவையான அளவு பழைய காமிராவிலேயே இருக்கிறது.

இனி எந்தப் பழசு என்று பார்ப்போம். என் முதல் சிபாரிசு, 18-55 லென்ஸோடு வரும் ஆரம்ப நிலை எஸ்.எல்.ஆர். நிகானில் டி3300, டி5300. கேனானில் 1300டி, விலை படிந்தால் 1500டி. தேடினால் பட்ஜெட்டுக்குள் கிடைக்கும். இவை மாணவர்கள் ஆசையாக வாங்கி, நாலு கல்யாணத்துக்கு எடுத்துப் போய், அப்புறம் பீரோவில் வைத்துப் பூட்டியவை. அதிகம் தேயாதவை. கனமாக இருக்கும், கழுத்து வலிக்கும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் முதல் தடவை காமிரா பிடிப்பவருக்கு இதைப் போல வசதி இல்லை. கண்ணை வைத்துப் பார்க்கிறோம், வெயிலில் திரை தெரியாத தொல்லை இல்லை. அமுக்கினால் உடனே எடுக்கும். ஒரு சார்ஜில் ஒரு நாள் சுற்றுலா தாராளமாக ஓடும்.

கனம் ஆகாது என்பவர்களுக்கு ஒரு அங்குல சென்சார் உள்ள பாக்கெட் காமிரா. 2012-ல் வந்த சோனி ஆர்.எக்ஸ்.100 முதல் மாடல் இன்றும் நல்ல காமிராதான். மூன்றாவது வகை, முப்பது நாற்பது மடங்கு ஆப்டிக்கல் ஸூம் உள்ள சுற்றுலாக் காமிரா. அதன் சென்சார் அந்தச் சின்ன டம்ளர்தான். வேடந்தாங்கலில் காலை வெயிலில் நாரை எடுப்பதற்கு இதை மிஞ்ச ஆளில்லை. இரவு கடைத்தெருவை எடுக்கப் போனால் உங்கள் போனிடமே தோற்றுப் போகும். இன்றைய போன் ஒரு தடவை அமுக்கினால் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்த்துக் கொடுக்கிறது. பழைய சின்னக் காமிராவுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

தங்கைகள் சிலர் 2005, 2008 காலத்துக் குட்டிக் காமிராக்களைத் தேடி வாங்குகிறார்கள். அந்த நிறம் பிடித்திருக்கிறதாம். வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் கார்டைப் பாருங்கள். எக்ஸ்.டி. கார்டு, மெமரி ஸ்டிக் என்றால் கார்டு தேடியே விடுமுறை முடிந்துவிடும். எஸ்.டி. கார்டு என்றாலும் மிகப் பழையவை 2 ஜி.பி.க்கு மேல் ஏற்காது, அதற்கடுத்தவை 32 ஜி.பி.யோடு நின்றுவிடும். பேட்டரியும் அப்படித்தான். கம்பெனி பேட்டரி நின்று போயிருக்கும், போலி பேட்டரி உப்பும். டார்ச் லைட்டுக்குப் போடும் டபுள் ஏ செல்லில் ஓடும் பழைய கேனான் ஏ வரிசை போன்றவை கிடைத்தால் அந்தக் கவலை இல்லை.

பழசு வாங்கும்போது உங்கள் கார்டை எடுத்துக் கொண்டு பகல் வெளிச்சத்தில் போங்கள். நம் ஊரில், அதுவும் கடலோரத்தில், முதல் எதிரி பூஞ்சை. லென்ஸைக் கழற்றி, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி, வேர் மாதிரி ஏதாவது தெரிந்தால் எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் வேண்டாம். தூசி நாலு இருந்தால் பரவாயில்லை. பிறகு எஃப் 16 வைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுங்கள், சென்சாரில் அழுக்கு இருந்தால் கரும்புள்ளியாக வரும். ஷட்டர் எத்தனை தடவை அடித்திருக்கிறது என்று கேளுங்கள். நிகான் படக் கோப்புக்குள்ளேயே அந்த எண் இருக்கும். நான் சொன்ன நிகான் காமிராக்கள் ஒரு லட்சம் தடவைக்கு என்று செய்யப்பட்டவை, முப்பதாயிரம் ஓடியிருந்தால் பயமே வேண்டாம். எல்லாப் பட்டனையும் அமுக்கிப் பாருங்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் டீ சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள்.

கையில் இருக்கும் பதினைந்தாயிரத்தையும் காமிராவுக்கே கொட்டிவிடாதீர்கள். மூவாயிரத்தை ஒதுக்குங்கள். இன்னொரு பேட்டரி, நம்பிக்கையான கடையில் ஒரிஜினல் கார்டு இரண்டு, ஒரு பை, அதற்குள் போட சிலிக்கா ஜெல். விமானத்தில் போனால் உபரி பேட்டரியைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது.

அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் பணம் சேர்ந்தால் ஸூம் லென்ஸ் வாங்கப் போகாதீர்கள். 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் ஒன்று வாங்குங்கள். 18-55 லென்ஸ் 55-ல் நிற்கும்போது எஃப் 5.6. இது 1.8. கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். நிகான் டி3300, டி5300 வைத்திருப்பவர்கள் 'ஏ.எஃப்-எஸ்' என்று போட்டிருப்பதை வாங்க வேண்டும். பழைய 'டி' வகை மலிவாகக் கிடைக்கும், ஆனால் இந்தக் காமிராக்களுக்குள் மோட்டார் இல்லாததால் ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும்.

இந்த லென்ஸை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் தாத்தா இறந்தபோது மாலை போட வீட்டில் ஒரு படம் இல்லை. ஒரு கல்யாண குரூப் போட்டோவில் பின்வரிசையில் பாதி முகம் தெரிய நின்றிருந்தார். ஸ்டுடியோக்காரர் அதைப் பெரிதாக்கிக் கொடுத்தார். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புப் புள்ளி. வாழ்நாளில் கோட்டு போடாத மனிதருக்குக் கோட்டும் டையும் வேறு ஒட்டிவிட்டார். அந்தப் படம்தான் இன்றும் எங்கள் ஹாலில் இருக்கிறது. இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் வீட்டில் இப்படி ஒரு படம் இருக்கும். உங்கள் அப்பா அம்மா வேலைக் கவலை இல்லாமல், நல்ல துணி உடுத்தி, சிரித்துக் கொண்டு உட்காருவது சுற்றுலாவில்தான். மலை ரயிலை எல்லோரும் எடுத்திருக்கிறார்கள், அந்த ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் உங்கள் அம்மாவை நீங்கள்தான் எடுக்க முடியும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும், கண்ணில் ஃபோகஸ் வையுங்கள், ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். "சிரிம்மா" என்று சொல்லாதீர்கள், பேச்சுக் கொடுங்கள். ஊருக்கு வந்ததும் நாலு படமாவது அச்சடித்துக் கையில் கொடுங்கள்.

கோயில்களைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழகக் கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்ய 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. காமிராவுக்கும் பல இடங்களில் அனுமதி இல்லை. எங்கே வைத்துவிட்டுப் போவது என்பதை முதலிலேயே யோசித்துக் கொள்ளுங்கள், ஒருவர் மாற்றி ஒருவர் வெளியே நிற்பதுதான் நான் கண்ட வழி. அஜந்தா ஓவியங்களுக்கு முன் ஃபிளாஷ் கூடாது. தொல்லியல் துறை இடங்களில் ட்ரைபாட் வைக்கத் தனி அனுமதி வேண்டும். கோபுரத்தை எடுக்கும்போது பின்னால் வானம் வெளுத்திருந்தால் கோபுரம் கறுத்துப் போகும், பிளஸ், மைனஸ் போட்ட பட்டனில் பிளஸ் ஒன்று வையுங்கள். இந்த ஒரு பட்டனும் 'பி' என்ற மோடும் தெரிந்தால் முதல் வருஷத்துக்குப் போதும். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே வாங்கி, வீட்டில் பூனையையோ தம்பியையோ எடுத்துப் பழகுங்கள்.

என் பையில் டி5300 ஒன்றும், அந்த 50 மில்லிமீட்டர் லென்ஸும், பூஞ்சை பிடித்த ஒரு பழைய லென்ஸும் கொண்டு வந்திருக்கிறேன். பூஞ்சை எப்படி இருக்கும் என்று தெரியாதவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து டார்ச் அடித்துப் பார்க்கலாம். வாங்கும் எண்ணம் உள்ளவர்கள் எந்த மாடல், என்ன விலை சொல்கிறார்கள் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்க்கலாம்.