சுற்றாடற் கல்வியும் சம்பாத்தியமும்

உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியாகும் நாள்களில் வெள்ளவத்தை ஒழுங்கைகளிலே வேறு பேச்சுக்கு இடமிராது. மருத்துவம் கிடைத்ததா, பொறியியல் கிடைத்ததா என்பதே வினா. இரண்டும் இல்லையெனின் கணக்காளர் பரீட்சை இருக்கிறது என்று உறவினர் ஆறுதல் கூறுவர். கொழும்பு மாவட்டத்திற்குரிய வெட்டுப்புள்ளியோ உயர்ந்தது. மயிரிழையில் மருத்துவத்தைத் தவறவிட்ட மாணவி, பல்கலைக்கழக விண்ணப்பப் பத்திரத்தின் அடுத்த வரிகளை நோக்குகிறாள். அவற்றுள் ஒன்று, களனிப் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் கற்பிக்கப்படும் சுற்றாடற் பேணலும் முகாமைத்துவமும் என்னும் சிறப்புப் பட்டம். தகப்பனார் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுக் கேட்கிறார்: “இதைப் படிச்சு என்ன சம்பளம் எடுக்கப் போறாய், பிள்ளை?”

இவ்வினாவை அற்பமானதென்று இகழ்வோர் உளர். கல்வியைக் காசால் அளப்பதா என்பர் அவர். ஆயின், மாதந்தோறும் வீட்டு வாடகையும், இளைய பிள்ளைகளின் படிப்புச் செலவும் கொடுத்துவரும் ஒரு குடும்பத்துக்கு இதைவிட நியாயமான வினா வேறில்லை. எனவே கணக்கைக் கணக்காகவே பார்ப்போம்.

மருத்துவப் பட்டத்துக்கு நிலையான வருவாய் உண்டாவதேன்? மருத்துவ அறிவு மிகப் பெரிதென்பது மட்டும் காரணமன்று. இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டிலே பெயர் இல்லாதவர் மருந்தெழுதிக் கொடுத்தல் குற்றமாகும். தொழிலின் வாயிலில் ஒரு காவலாளி நிற்கிறான். கணக்காளர்க்கு அக்காவலை 1959ஆம் ஆண்டிலே பட்டயக் கணக்காளர் நிறுவகத்தை அமைத்த சட்டம் தந்தது. பொறியியலாளரும் 2017ஆம் ஆண்டில் தமக்கென ஒரு பேரவைச் சட்டத்தைப் பெற்றுக்கொண்டனர். சுற்றாடற் பட்டதாரிக்கோ இத்தகைய மூடிய வாயில் இல்லை. ஆற்றுநீரின் மாசு பற்றிய அறிக்கையை அவரும் எழுதலாம், இரசாயனவியலாரும் எழுதலாம், புவியியலாரும் எழுதலாம், பொறியியலாளரும் எழுதலாம். போட்டி பலரோடு. அப்பட்டத்தின் வருவாய் தளம்புவதற்கு முதற் காரணம் இதுவே.

வாயில் இல்லாத பட்டம் யாது ஆகும் என்பதை 2020ஆம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டில் அரசாங்கம் வேலையற்ற பட்டதாரிகளைப் பல்லாயிரக்கணக்கில் பயிலுநராகச் சேர்த்து, மாதம் 20,000 ரூபாய் படி வழங்கியது. வரலாறு கற்றவர்க்கும் அதே படி, தாவரவியல் கற்றவர்க்கும் அதே படி. சதுப்புநிலம் பற்றி நான்காண்டு கற்றவர் பிரதேச செயலகமொன்றில் கோப்புகளை அடுக்கும்படி நேரிடின், அங்கே விலைபோவது பட்டம் என்ற பெயரேயன்றி அவர் கற்ற கல்வியன்று.

எனினும், இக்கல்விக்கு வாயில் இல்லையென்று முடிவுகட்டுவது அவசரமாகும். வேறொரு பக்கத்தில் ஒரு கதவு உண்டு. அதைத் திறந்தது சட்டமே. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடற் சட்டத்தின்கீழ், 1981இல் மத்திய சுற்றாடல் அதிகார சபை அமைந்தது. 1988ஆம் ஆண்டின் திருத்தம் இரு கடமைகளைப் புகுத்தியது. முதலாவது, மாசு வெளிவிடும் தொழிற்சாலைகள் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் பெறுதல். மற்றையது, பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்தல். எந்தெந்தத் திட்டங்களுக்கு அம்மதிப்பீடு வேண்டும் என்ற பட்டியல் 1993இல் வர்த்தமானியில் வெளியாயிற்று.

இதன் பொருளை ஒரு சாயத் தொழிற்சாலை முதலாளியின் இடத்தில் நின்று நோக்குக. சாயநீரை அளந்து, அளவு நியமத்துக்குள் அடங்கியது என்று காட்டாவிடின் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப்படாது. புதுப்பிக்கப்படாவிடின் இயந்திரம் ஓடலாகாது. ஐரோப்பிய, அமெரிக்கக் கொள்வனவாளரோ தம் பங்குக்குத் தனியே பரிசோதனை கேட்பர். தேயிலைத் தோட்டங்கள் மழைக்காட்டுக் கூட்டணியின் சான்றிதழை நாடுவதும் இத்தகைய வெளிநாட்டுச் சந்தையை முன்னிட்டே. ஆகவே மாதிரி எடுத்து, அளந்து, அறிக்கை எழுதி, அதிகாரியின் கேள்விக்கு விடையிறுக்கத் தெரிந்த ஒருவரை நிறுவனம் சம்பளம் கொடுத்து வைத்திருக்கவே வேண்டும். வனப் பாதுகாப்புத் திணைக்களம், வனசீவராசிகள் திணைக்களம், கரையோரம் பேணும் திணைக்களம், கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகார சபை ஆகிய அரச இடங்கள் சிலவே. ஆட்சேர்ப்பும் அரசின் கருவூலத்தைப் பொறுத்தது. தனியார் தொழிற்சாலைகளோ அவற்றினும் பல.

இங்கே ஓர் இடையூற்றையும் சொல்லாமல் விடலாகாது. தாக்க மதிப்பீட்டறிக்கையை எழுதும் நிபுணர்க்குக் கூலி கொடுப்பவர் திட்டத்தின் உரிமையாளரே. அணை கட்ட விரும்புபவரின் பணத்தைப் பெற்றுக்கொண்டு அணையின் தீமையை எழுதுதல் எளிதன்று. நேர்மையாளர் சில வாய்ப்புகளை இழப்பர். வருவாய்க் கணக்கிலே அவ்விழப்பும் ஒரு செலவுதான்.

மொழியின் பங்கு தனியே ஆராயத்தக்கது. தாக்க மதிப்பீட்டறிக்கை ஆயத்தமானதும், பொதுமக்கள் அதைப் பார்வையிட்டு 30 நாள்களுக்குள் கருத்துக் கூறலாம் என்ற அறிவித்தல் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழியிலும் வெளியாதல் வேண்டும். விஞ்ஞானத்தை ஆங்கிலத்தில் கற்றவர் பலர். அதைத் திணைக்களத்தாரிடம் சிங்களத்திலும், முகத்துவாரத்து மீனவரிடமும் மலையகத் தோட்டத் தொழிலாளரிடமும் தமிழிலும் விளக்கவல்லவர் சிலரே. கொட்டாஞ்சேனைத் தெருக்களிலே வளர்ந்த பிள்ளைக்கு இம்மூன்றும் பெரும்பாலும் விளையாட்டோடு வந்த சொத்து. அதை எழுத்திலும் தேர்ந்துகொள்வாராயின், சான்றிதழில் அச்சிடப்படாத ஒரு பட்டம் அவரிடம் உண்டென்று கூறலாம்.

இனி, இக்கல்வி எவ்வகையில் பணமாகிறது என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் கொழும்பின் அருகிலேயே உள்ளன.

களனி கங்கையின் கழிமுகத்துக்கு வடக்கே, நீர்கொழும்புக் களப்புவரை முத்துராஜவெலச் சதுப்புநிலம் பரந்து கிடக்கிறது. நெடுங்காலம் அதைப் பாழ்நிலம் என்றே எண்ணினர். நிரப்பி விற்றால் என்ன விலை வரும் என்பதே அன்றைய கணக்கு. சர்வதேச இயற்கை பேணல் ஒன்றியத்தின் சார்பில் 2003இல் வெளியான மதிப்பீடு வேறு கணக்கொன்றைப் போட்டது. அச்சதுப்பு ஆண்டுதோறும் தரும் பயன் ஏறத்தாழ 72 கோடி ரூபாய் என்றும், அதில் ஏறத்தாழ 48 கோடி ரூபாய் வெள்ளத்தைத் தாங்கும் பணியினாலேயே வருவதென்றும் அது கூறிற்று. சதுப்பு தாங்கும் வெள்ளநீரை மனிதர் கால்வாய் வெட்டியும் இயந்திரம் வைத்தும் வெளியேற்றுவதாயின் எவ்வளவு செலவாகும் என்று கேட்டு அளந்த கணக்கு அது. 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகிக் கொலன்னாவைப் பகுதி நீரில் மூழ்கியதைக் கண்டவர்க்கு, அச்செலவு வெறும் எண்ணன்று.

மற்றையது 2021ஆம் ஆண்டுச் செய்தி. அவ்வாண்டு மே மாதம் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் கப்பல் தீப்பற்றி எரிந்து ஜூன் மாதத்தில் மூழ்கியது. அதிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் மணிகள் மேற்குக் கரையெங்கும் குவிந்தன. மீன்பிடி தடைப்பட்டது. மாசு நேர்ந்ததென்று யாவரும் அறிவர். எவ்வளவு நேர்ந்தது என்பதுதான் வழக்கு. மணலை அரித்து எண்ணியவர், இறந்து ஒதுங்கிய ஆமைகளைப் பரிசோதித்தவர், தொழில் இழந்த நாள்களைக் கணக்கிட்டவர் ஆகியோரின் ஏடுகள் இல்லாமல் நட்டஈடு கேட்க இயலாது. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் செலுத்துமாறு கப்பல் தரப்பினர்க்குக் கட்டளையிட்டது. கரையிலே வாளியும் அரிதட்டும் ஏந்தி நின்றோர் எவரும் அத்தொகையில் செல்வந்தர் ஆகப்போவதில்லை. ஆயினும், அத்தகைய கணக்கை எழுதத் தெரிந்தோரை அரசும் நிறுவனங்களும் தேட நேர்ந்ததற்கு அது போதிய சான்று.

இவற்றால் மாணவர்க்குத் தெரியவேண்டியது, பட்டத்தின் உள்ளே எப்பாடங்களைத் தேர்வது என்பது பட்டத்தின் பெயரினும் முக்கியம் என்பதே. நீரின் இரசாயனம், புள்ளிவிபரவியல், கணினியில் நிலவரைபடம் ஆக்கும் முறை, சுற்றாடற் பொருளியல், சட்டம் ஆகியன கூலி பெறும் பாடங்கள். காட்டின் அழகில் ஈடுபாடு மட்டும் கொண்டு இவற்றைத் தவிர்ப்பவர் பின்னர் இடர்ப்படுவர்.

எஞ்சியது செலவுப் பக்கம். 1945 முதல் இந்நாட்டில் கல்வி இலவசம். அரச பல்கலைக்கழகத்தில் போதனைக் கட்டணம் இல்லை. தகுதியுடையோர்க்கு 1981இல் தொடங்கிய மகாபொல புலமைப்பரிசிலும் உண்டு. கொட்டாஞ்சேனையிலிருந்து களனிக்கு ஆற்றைக் கடந்தால் போதும். வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் சுற்றாடல் விஞ்ஞானம் கற்கலாம். இங்கே முதலீடு செய்யப்படுவது நான்கு ஆண்டுகளும், வளாகம் திறக்கும்வரை காத்திருக்கும் காலமுமே. இந்நிலையில் மிதமான சம்பளத்தோடு தொடங்கினும் கணக்கில் நட்டமில்லை.

தாலிக்கொடியை அடகுவைத்துப் பிறநாட்டில் இதே முதற்பட்டத்தை விலைக்கு வாங்குவது வேறு கணக்கு. அமெரிக்காவிலே 2023இல் சுற்றாடல் விஞ்ஞானிகளின் இடைநிலைச் சம்பளம் ஆண்டுக்கு ஏறத்தாழ 79,000 டொலர், எல்லாத் தொழில்களுக்கும் பொதுவான இடைநிலை ஏறத்தாழ 48,000 டொலர் என அந்நாட்டுப் புள்ளிவிபரம் கூறுகிறது. இத்தொகையைக் கண்டு மயங்குவோர், அங்கே தங்கி உழைக்கும் உரிமை கிடைத்தால்தான் அது தமக்குரியது என்பதை மறக்கலாகாது. கடனோடு திரும்பி வருபவர்க்குக் கொழும்பிலே ரூபாயில்தான் சம்பளம். முதற்பட்டத்தை இங்கே இலவசமாக முடித்து, ஓரிரு ஆண்டு ஆய்வுகூடத்திலோ தொழிற்சாலையிலோ கைப்பழக்கம் பெற்று, அதன்பின் ஆய்வு உதவிப்பணத்துடன் மேற்பட்டத்துக்குப் புறப்படுபவர் நகையை வீட்டிலேயே விட்டுச் செல்லலாம்.