கணக்கும் கையும்

(நந்திதுர்க்கில் ஆசிரியர் பயிற்சி மாணவர்கள், கல்வி அலுவலர்களிடையே ஆற்றிய உரை)



வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களிலிருந்து இச்சுரங்கத்திற்கு வந்தோரின் வழித்தோன்றல்களில் பலர் வீட்டில் தமிழோ தெலுங்கோ பேசி, பள்ளியில் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ பயில்கின்றனர். 2001 பிப்ரவரி 28இல் கோலார் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டபின், பிழைப்புக்காக நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறும் குடும்பங்களுக்குப் பிள்ளைகளின் படிப்பே மிஞ்சிய மூலதனம். ஆகவே, ஒரு குழந்தைக்குக் கணக்குத் தெரியவில்லையா, அதைச் சொல்லும் மொழி தெரியவில்லையா என்று பிரித்தறிவது இங்கே அற்ப விஷயமன்று.

ரிஷிவேலியின் அனுபவத்தைத் தழுவிய ‘நலி-கலி’ முறை 1995இல் மைசூர் மாவட்டத்து ஹெக்கடதேவனகோட்டையில் தொடங்கி, 2009-10இல் கர்நாடக அரசுப் பள்ளிகளெங்கும் பரவியது. அதில் பிள்ளைகள் குழுக்களாக அமர்கின்றனர். சில குழுக்களில் ஆசிரியரைவிடத் தோழனே துணை. இவ்வாறு கூடிக் கணக்கிடும்போது பாதி உரையாடல் வாயால் நடப்பதில்லை. ஒருத்தி புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாக ஒதுக்குகிறாள். அடுத்தவன் ஒரு கொட்டையை இந்தக் குவியலிலிருந்து அந்தக் குவியலுக்குத் தள்ளுகிறான். “நீ எண்ணியது தவறு” என்பது அதிலேயே அடங்கிவிட்டது. (கூண்டு ஏறுவதும் இறங்குவதும் மணியோசையின் எண்ணிக்கைக்குக் கட்டுப்பட்டிருந்த ஊருக்கு இது புதிதன்று.)

அமெரிக்காவில் சூசன் கோல்டின்-மெடோவும் உடனாய்வாளர்களும் 1988இல் வெளியிட்ட ஆய்வு இங்குக் கருதத்தக்கது. 3+4+5=__+5 போன்ற கணக்குகளை ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளிடம் கொடுத்தனர். “3, 4, 5 மூன்றையும் கூட்டினேன், 12” என்று வாய் சொல்லும்போதே, சில பிள்ளைகளின் இரு விரல்கள் 3, 4 இரண்டையும் சேர்த்துத் தொட்டு வெற்றிடத்தைக் காட்டும். விடை 7 என்பதற்கான வழி அதுவே. சொல்லும் கையும் இவ்வாறு முரண்பட்ட பிள்ளைகளே பின்னர் கற்பித்ததை எளிதில் பற்றிக்கொண்டனர். விடைத்தாள் அவர்களுக்குச் சுழியம் தரும்; கையோ அவர்கள் வாயிற்படிவரை வந்துவிட்டதைக் காட்டும்.

விரல்விட்டு எண்ணும் பிள்ளையைக் கடிந்துகொள்ளும் வழக்கம் நம்மிடம் இன்னும் ஒழியவில்லை. நான்கு விரல்களின் கணுக்களைக் கட்டைவிரலால் தொட்டுப் பன்னிரண்டு எண்ணிய பாட்டிமார் நம்மைவிடத் தேர்ந்தவர்கள் என்பேன்.

எனினும் எல்லாச் சைகையையும் நம்பிவிடலாகாது. நம் பிள்ளைகள் தலையைப் பக்கவாட்டில் அசைத்தால் அது ‘புரிந்தது’ ஆகலாம், ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்பதும் ஆகலாம். அதைக் கண்டு அடுத்த பாடத்திற்குத் தாவும் ஆசிரியர் ஏமாறுவார். கையில் கொட்டையைக் கொடுத்துச் செய்யச் சொன்னால் ஐயம் தீரும்.

அலுவலர்களிடம் ஒரு வேண்டுகோள். வகுப்பைப் பார்வையிடுகையில் உடனே கேள்வி கேட்காதீர்கள். ஐந்து நிமிடம் ஒரு குழுவின் பின்னால் நில்லுங்கள். விடையை உரக்கச் சொன்னவன் யார் என்று குறிப்பதோடு, அதற்கு முன் கொட்டையை நகர்த்தியவள் யார் என்பதையும் உங்கள் குறிப்பேட்டில் எழுதுங்கள்.